ஜக்கற்றை எடுத்துக்கொண்டு வா

போன கிழமை அபிரா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அபிரா என் மனைவி சுபாவின் அண்ணன் மகள். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் பிறந்து வளர்ந்தவள். ஆறடிக்கு மேல் உயரம். பெண்களுக்கான ஒரு தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணியில் ஃபோர்வேட்டாக விளையாடுகிறாள். விளையாடினாள் என்றுதான் இனி எழுதவேண்டும். பிக்கரிங்கிலிருந்து ரெயினில் வந்துகொண்டிருந்தபோது அந்தக் குறுஞ்செய்தி வந்ததாம். உங்கள் பங்களிப்புக்கு நன்றி, அணி வேறு வழியில் போக முடிவெடுத்திருக்கிறது, உங்கள் சாமான்களை வரவேற்பு மேசையில் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

"மாமா, உங்களை எப்பிடிக் கட் பண்ணினவை? லைக், ஃபோன் பண்ணியா, ஈமெயிலா?"

"கோச் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னவர்," என்றேன்.

"வாட் டஸ் தட் ஈவன் மீன்?"

அன்று அவளுக்குப் பாதிதான் சொன்னேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், எனக்கோ ஓரிடத்தில் இருந்து கதை சொல்லத் தெரியாது. சுபாவைக் கேட்டால் நான் இந்த வீட்டில் ஒரு கதிரையிலும் ஒழுங்காக இருந்ததில்லை என்பாள். இதையும் குசினி மேசைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்து நடந்துதான் எழுதுகிறேன். இளமை முழுவதும் கதவுக்குப் பின்னால் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான். விளையாட்டை விட்டபின்னும் கால்கள் அதை விடவில்லை.

ஊர்காவற்றுறையில் பிறந்து, ஒன்பது வயதில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதிக்கு வந்தவன். பதினைந்து வயதில் கதவு நிலைகளில் தலை இடிக்கத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தில் கையில் பந்தைத் தந்தார்கள். பிறகு கல்லூரி அணி, சைப்பிரசில் ஒரு பருவம், போர்த்துக்கலில் ஒரு பருவம், கடைசியில் ரொறன்ரோவிலேயே ஒரு சிறிய தொழில்முறை அணி. அப்பாவுக்கு இதையெல்லாம் ஒரு வேலையென்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. கலியாண வீடுகளில் யாராவது "மூத்தவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "ஸ்போட்ஸ் சம்பந்தமான ஒரு கொம்பனியில" என்று சொல்லிவிட்டு சோடாவைத் தேடிப் போய்விடுவார்.

ஃபோர்வேட் என்றால் தூரத்திலிருந்து பந்தைப் போட்டுக் கைதட்டு வாங்குகிறவன் என்று நினைக்கவேண்டாம். நான் கூடைக்குக் கீழே பிழைத்தவன். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நான் பார்க்கக்கூடாது. முதலில் எதிராளி எங்கே நிற்கிறான் என்று முன்கையால் தேடவேண்டும். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி, அவன் தொடைகளில் இருப்பதுபோலப் பதிந்து, அவனைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அதற்குப் பிறகுதான் பந்து. ஒரு ஆட்டம் முழுவதும் இப்படி ஒருவனோடு உரசிக்கொண்டு நின்றால் அவனுடைய உடம்பில் எந்த இடம் நோகிறது என்று அவன் மனைவிக்கு முன்னரே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் போய் வேலை செய்வதற்குத்தான் சம்பளம்.

எங்கள் கோச் மெலிந்த, வயதான மனிதர். முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். குரலை உயர்த்தமாட்டார். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார், முதுகில் உள்ள எண்தான். நான் முப்பத்திரண்டு. பயிற்சிக்கு முன்னர் தானே ஒரு துவாயால் கூடைக்குக் கீழுள்ள தரையைத் துடைப்பார். குளிர்காலத்தில் சின்னத் தோடம்பழங்களை உரித்து, கதைத்துக்கொண்டே ஒவ்வொரு சுளையாக எங்களுக்கு நீட்டுவார். திட்டு வாங்கும்போதும் வாய்க்குள் சுளை இருக்கும், பதில் சொல்ல வராது.

அணியிலிருந்து ஆளை நிற்பாட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. வேலை செய்த கூரைக்குக் கீழே வைத்து ஒருவனுக்கு அதைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஏனென்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் வியர்வையோடு நிற்கும்போது, கதவடியில் நின்று எண்ணைச் சொல்லி, "ஜக்கற்றை எடுத்துக்கொண்டு வா" என்பார். எங்கள் பருவம் குளிர்காலம். ஜக்கற்றுகள் கதவுப் பக்கக் கொளுக்கிகளில் வரிசையாகத் தொங்கும். அந்த ஆள் தன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொள்வான். இருவரும் கார் நிறுத்தும் இடத்தை ஒருமுறை சுற்றி நடப்பார்கள். சுற்று முடியும் இடம் அவனுடைய கார். அங்கே கைகொடுத்துவிட்டு கோச் தனியாக உள்ளே வருவார். பயிற்சி முடியப்போகிறது என்றால் பந்தைவிட அந்தக் கொளுக்கிகளைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம்.

எனக்கு விளையாட்டோடு இன்னொரு வேலையும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரரை விமானநிலையத்திலிருந்து கூட்டி வருவது. உள்ளூர்க்காரன், அப்பாவின் பழைய வான் இருக்கிறது, எங்கள் உயரத்துக்கு அதற்குள்தான் கால் நீட்டலாம். ஃபுளோரிடாவிலிருந்தும் ரெக்சசிலிருந்தும் தை மாதத்தில் ரீசேட்டோடு வந்து இறங்குவார்கள். அதைப் பார்த்த அம்மா, என் பழைய தடித்த ஜக்கற்றை வானிலேயே போட்டு வைத்தார். எங்கள் அளவுக்கு அவசரத்தில் கடையில் வாங்க முடியாது. கிழமை முடிய அவர்கள் ஒன்று தேடி வாங்கிக்கொண்டு என்னுடையதைத் திருப்பித் தருவார்கள்.

அம்மாவிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. விமானநிலையத்திலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் வீட்டுக்கு வந்து சாப்பிடவேண்டும். ஹொட்டேலெல்லாம் பிறகுதான். ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு சனத்தையும் நாங்கள் அப்படித்தான் எதிர்கொண்டோம், எங்களையும் அப்படித்தான் கூட்டி வந்தார்கள். ரெக்சஸ்காரனுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம் என்பது அம்மாவின் கேள்வி.

அந்த வருடம் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. ஒரு பின்னேரம் முகாமையாளர் ஒரு பெயரையும் விமான எண்ணையும் அனுப்பினார். மைல்ஸ். என்ன இடத்தில் விளையாடுகிறவன் என்று எழுதவில்லை. வருகை வாசலில் நின்றேன். கதவு திறந்து வந்தவனுக்கு என் உயரம், என் தோள். கைகுலுக்க நீட்டிய கையைப் பார்த்தேன். முன்கை முழுவதும் நகக்கீறல்கள். கூடைக்குக் கீழே முட்டுப்படுகிறவர்களுக்குத்தான் அந்தக் கீறல்கள் இருக்கும். அவன் என் முன்கையைப் பார்த்தான். எங்கள் அணியில் அந்த வேலைக்கு இரண்டு இடங்கள். ஒன்றில் அணித்தலைவர் இருந்தார், அவரை அசைக்க முடியாது. மற்றது என்னுடையது.

நெடுஞ்சாலையில் இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். அப்படியே ஹொட்டேலில் இறக்கிவிடலாமா என்று யோசித்தேன். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? மோர்னிங்சைட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கடன் கட்டுவதற்காக மேலே வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் பேஸ்மென்ரில் இருந்த காலம் அது. முகட்டில் குழாய்கள் ஓடும். நான் எந்நேரமும் குனிந்தபடிதான். அன்று இரண்டு பேர் குனிந்தோம். "தலை, தலை" என்று அம்மா கத்திக்கொண்டே வந்தார். மைல்ஸ் படியால் இறங்கியதை நான் கீழே நின்று பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் இடக்காலை முதலில் வைத்தான். வலக்கால் வந்து பக்கத்தில் சேர்ந்தது. பிறகு அடுத்த படிக்கும் இடக்கால். குழந்தைகள் இறங்குவார்கள் அப்படி. முழங்கால் போனவர்களும் இறங்குவார்கள்.

அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்தார். "ஈற், ஈற்" என்று பக்கத்தில் நின்றார். மைல்ஸ் என்னைப் பார்த்துக் கையால் சாப்பிட்டான், கண்ணில் தண்ணீர் வரவர இன்னும் கேட்டான். இடக்காலை மேசைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தான். அப்பா ரீவீயை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தார். ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"இவர் எந்த இடம் விளையாடுறவர்?"

"ஃபோர்வேட்."

"நீ?"

"நானும் அதுதான்."

அப்பா ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். ஒரு திங்கட்கிழமை புதிதாக வந்த ஒருவனுக்கு அந்த மெஷினைக் காட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை அவர் எங்களிடம் ஒரேயொருமுறை சொல்லியிருக்கிறார்.

"உன்னைத்தானோ கூட்டிக்கொண்டு வரச் சொன்னவங்கள்?"

"ஓம்."

"கெட்டிக்காரங்கள்," என்றார் அப்பா. பிறகு சட்டிக்குள் கைவிட்டு நடுத்துண்டு மீனை எடுத்து மைல்ஸின் கோப்பையில் வைத்தார்.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. கோச் எங்கள் இருவரையும் கூடைக்குப் பக்கத்தில் நேருக்குநேர் விட்டார். மூன்று நாள் இப்படி விடுவார், பிறகு யாரோ ஒருவர் ஜக்கற்றை எடுக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பந்துக்கு இடக்கைக்காரன். சாப்பாட்டுக்கு வலக்கை, அது அம்மாவின் அடியால் வந்தது. பந்தோடு நான் என் இடப்பக்கமாகப் பாய்ந்தால், மறிக்கிறவன் தன் இடக்காலை ஊன்றித் தள்ளித்தான் குறுக்கே வரவேண்டும். மைல்ஸால் அது முடியாது. எனக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியாது. வைத்தியர் பார்த்தபோதும் அவன் எப்படியோ சமாளித்திருந்தான்.

மைதானத்தில் கண்டுபிடித்திருந்தால் நான் ஒரு கணமும் யோசித்திருக்கமாட்டேன். மைதானத்தில் கண்டது என் தொழில். ஆனால் இதை என் வீட்டுப் படியில் கண்டேன். சாப்பிட வா என்று நானே கூட்டி வந்த மனிதன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலைக் கவனிக்காமல் இறங்கிய இடத்தில் கண்டேன். அதைப் பாவிக்க மனம் வரவில்லை. இரண்டு நாளும் வலப்பக்கமாகவே போனேன். வலப்பக்கம் எனக்கு வராது. பந்து கையை விட்டு நழுவியது, மைல்ஸ் என்னை மறித்து மறித்து அனுப்பினான். கோச் தோடம்பழம் உரித்தார். இரவில் நித்திரை இல்லை. முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டு பேஸ்மென்ரில் குனிந்தபடி நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை மைல்ஸை ஹொட்டேலிலிருந்து ஏற்றிக்கொண்டு போனேன். என் பழைய ஜக்கற்றைப் போட்டிருந்தான். சிவப்பு விளக்கில் வான் நின்றது.

"நீ இடக்கைக்காரன்," என்றான். "இரண்டு நாளாக ஏன் வலப்பக்கம் போகிறாய்?"

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் வீட்டுப் படியில் பார்த்துவிட்டாய், அப்படித்தானே?"

"ஓம்" என்பதற்குத் தலையை ஆட்டினேன்.

அவனுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "நான் உன் வேலையை எடுக்க வந்தவன். என்னைப் பார்த்து நீ பாவப்பட்டு, இந்த இடம் எனக்குக் கிடைத்தால், வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் வேறொருவன் அந்தப் பக்கமாகப் போவான். அவனுடைய அம்மா எனக்குச் சாப்பாடு போடவில்லை. அப்போது நான் என்ன செய்வேன்? முழங்கால் நிற்குமா, நிற்காதா என்று எனக்கே தெரியவேண்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கு ஒழுங்காக விளையாடு."

விளக்கு பச்சையாகி, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் வானை எடுத்தேன்.

அன்று நான் இடப்பக்கமாகப் போனேன். முதல்முறை அவனைத் தாண்டிப் போட்டேன். இரண்டாம் முறையும் போட்டேன். அடுத்த முறை அவன் காலை ஊன்றித் தள்ளிக் குறுக்கே வந்தான். என்னோடு மோதி, பந்தைத் தட்டியும் விட்டான். ஆனால் இறங்கும்போது கால் மடிந்து தரையில் இருந்துவிட்டான். கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே எழுந்தான். "இன்னொருமுறை," என்றான். இன்னொருமுறையும் அதே பக்கம் போனேன். இந்தமுறை அவனால் அசைய முடியவில்லை. கோச் உரித்த பழத்தைத் தின்னாமல் சட்டைப்பைக்குள் வைத்தார்.

பயிற்சி முடிந்தது. கோச் கதவடிக்குப் போய்த் திரும்பினார்.

"நாற்பத்தொன்று. ஜக்கற்றை எடுத்துக்கொண்டு வா."

அது மைல்ஸின் எண். அவன் கொளுக்கியிலிருந்து எடுத்தது என் ஜக்கற். கண்ணாடிக்கு வெளியே அது கார்களைச் சுற்றி மெதுவாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு அங்கே கார் இல்லை, சுற்று என் வானடியில் முடிந்தது. என் இடம் தப்பியது என்று ஆறுதலாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது, முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டேன்.

விமானநிலையத்துக்கு அவனைக் கொண்டுபோய் விடுகிற வேலையும் எனக்குத்தான். போகும்போதும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அம்மா நின்றார். மைல்ஸ் வந்தான், சாப்பிட்டான், "சிஸ்ரர், வெரி ஹொட்" என்று அம்மாவைச் சிரிக்க வைத்தான். வாசலில் ஜக்கற்றைக் கழற்றி நீட்டினான். ரெக்சசில் இது தேவைப்படாது என்றான். நான் மொழிபெயர்த்தேன்.

"பிளேனுக்குள்ள குளிரும். போட்டுக்கொண்டு போகச் சொல்லு," என்றார் அம்மா.

அப்படித்தான் என் ஜக்கற் ரெக்சசுக்குப் போனது.

அதற்குப் பிறகு நான் பயிற்சிக்கு ஜக்கற் போட்டுப் போனதில்லை. புதிதாக ஒன்று வாங்கி அம்மா தந்தார், வீட்டில் தொங்கியது. எவ்வளவு பனி கொட்டினாலும் மெல்லிய ஸ்வெற்றரோடு வானிலிருந்து கதவுக்கு ஓடுவேன். மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். கொளுக்கியில் என் ஜக்கற் இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு வா என்று எப்படிச் சொல்வார்? சின்னப்பிள்ளை யோசனைதான். ஆனால் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. ஒருவன் ஒரே காலுறையைத் தோய்க்காமல் போட்டான், நான் குளிரில் ஓடினேன். இப்படியே நான்கைந்து பருவங்கள் போயின. இதற்கிடையில் எனக்குச் சுபாவோடு கலியாணமும் நடந்து, என் பாய்ச்சலும் குறைந்தது. இடப்பக்கமாகப் போனாலும் பொடியன்கள் முன்னுக்கு வந்து நின்றார்கள்.

ஒரு மாசி மாதக் காலை. பயிற்சி முடிந்து கோச் கதவடிக்குப் போனார். எண் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நேரே என்னிடம் வந்தார். நான் கொளுக்கியைப் பார்த்தேன், என்னுடையது அங்கே இல்லை. கோச் தான் போட்டிருந்த ஜக்கற்றைக் கழற்றினார். அதை விரித்து, உடுப்புக் கடைக்காரர் பிடிப்பதுபோல என் முதுகுப் பக்கம் பிடித்தார்.

"வா, ஜூட்," என்றார்.

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கைகள் முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்ட அந்தச் சின்ன ஜக்கற்றோடு நான் நடந்தேன். உள்ளே அவருடைய உடம்புச் சூடு இருந்தது. பக்கத்தில் அவர் வெறும் சட்டையோடு, பல் கிடுகிடுக்க, சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் குளிரில் நடுங்குகிற ஒரு கிழவனை எப்படித் திட்டுவது? வானடிக்கு வந்து ஜக்கற்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

"என் இடத்துக்கு வருகிறவன் எப்போது இறங்குகிறான்?"

"இன்று பின்னேரம். நீ போகத் தேவையில்லை. நானே போகிறேன்."

"அவனை எங்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?"

அவர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டார். கைகொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் வானை ஓட்டிக்கொண்டு எங்கெங்கோ சுற்றினேன். ரூஜ் வரை போய்த் திரும்பினேன், பிக்கரிங் வரை போய்த் திரும்பினேன். பிறகு முகாமையாளருக்கு ஃபோன் எடுத்து, கோச் போகத் தேவையில்லை, நானே போகிறேன் என்று சொல்லி விமான எண்ணை வாங்கினேன். அடுத்து மோர்னிங்சைட் வீட்டுக்கு எடுத்து, ஒருவரைச் சாப்பிடக் கூட்டி வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பா ஃபோனை வாங்கினார்.

"எந்த இடம் விளையாடுறவர்?"

"ஃபோர்வேட் அப்பா."

"இந்த முறையும் உன்னைத்தானோ அனுப்பினவங்கள்?"

"இல்லை. இந்த முறை நானாத்தான் போறன்."

"சரி. மீன் கிடக்கோ எண்டு பாக்கிறன்," என்றார் அப்பா.

விமானநிலையத்துக்குப் போகும் வழியில் நானும் சுபாவும் இருந்த வீட்டில் நின்று, அலுமாரியில் தொங்கிக்கொண்டிருந்த என் புது ஜக்கற்றை எடுத்துக்கொண்டேன். வருகை வாசலில் கதவு திறந்தது. ரீசேட்டோடு உயரமான ஒரு பொடியன், முன்கை நிறையக் கீறல்கள். என் உயரத்தைப் பார்த்து நேரே என்னிடம் வந்தான்.

"நீங்களும் இந்த அணியில்தான் விளையாடுகிறீர்களா?" என்று கேட்டான்.

"காலையில் விளையாடினேன்," என்று சொல்லி, அவன் பையை வாங்கிக்கொண்டு ஜக்கற்றை நீட்டினேன்.